நம்ம வைஃபையில யாரோ

அந்தப் பகுதியில் கார் ஓட்டக் கற்றவர்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அவருடைய கால் அதைவிட்டு நகர்ந்ததே இல்லை என்பதால் பிரேக் சார் என்ற பெயர் நிலைத்துவிட்டது. "கிளட்சை மெதுவா விடும்மா... மெதுவான்னேன்ல! எதிரியையா மிதிக்கிறே?" என்று அவர் போடும் சத்தம் சிக்னலில் நிற்கிற பஸ்வரைக்கும் கேட்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் வாரம் அவரைச் சபிப்பார்கள். லைசென்ஸ் கையில் வந்த பிறகு இனிப்புப் பெட்டியோடு வந்து நிற்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும் என்பதால் அவருக்கு வார விடுமுறை செவ்வாய்தான். அன்றைக்குப் பழைய பனியனோடு சோபாவில் சாய்ந்துகொண்டு, துருப்பிடித்த கார்களைப் பிரித்துப் பழுதுபார்க்கிற வீடியோக்களைப் போனில் பார்ப்பார். பத்து மாதமாக அதற்கும் கேடு வந்திருந்தது. என்ஜினைத் தூக்கும் நேரத்தில் படம் அப்படியே நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும்.

"இந்த நெட்டுக்காரனுங்களைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேக்கணும்" என்பார்.

"நான் சொல்லிக்கிறேன், விடுங்க" என்பாள் மனைவி. ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னாள். சொன்னாளா என்றால் இல்லை.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் காய்கறி வாங்கக் கிளம்பிப் போனதும், அவரே கம்பெனிக்குப் போன் போட்டார். அன்றைக்கென்று பார்த்து அரை மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டது. நெட்காரர் நல்ல பருமன். லிஃப்ட் வேலை செய்யாததால் மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே வந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடந்த ரவுட்டரைக் குனிந்து பார்த்தார். தன் போனில் எதையோ திறந்து தட்டினார்.

"வீட்ல எத்தனை பேரு சார்?"

"நானும் என் வீட்டம்மாவும்."

"ரெண்டே பேரா? இதுல ஒரு ஊரே தொங்கிட்டிருக்கே!"

போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். ரவுட்டரோடு எதெல்லாம் சேர்ந்திருக்கிறதோ அதெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

"இது டிவி. இது உங்க போன். இது அம்மாவோட போனா இருக்கும். இந்த லேப்டாப்?"

"பழசு. அவ பாட்டு கேப்பா அதுல."

"சரி. அப்ப இந்தப் போன் யாருது? இப்ப இல்ல. ஆனா தினமும் வந்துட்டுப் போகுது. நேத்துகூட மத்தியானத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் இருந்திருக்கு." நெட்காரர் விரலால் கீழே தள்ளினார். "இது இன்னொண்ணு. இது போறதே இல்ல. ராப்பகலா ஒட்டிட்டே இருக்கு. உங்க நெட்டை முழுங்கறது இந்தப் பிசாசுதான்."

"என்னது அது?"

"பேரு கன்னாபின்னான்னு இருக்கு. இருங்க, தேடிப் பாக்கறேன்." கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். "கேமரா சார். குழந்தைங்களைப் பாத்துக்கிற கேமரா. தொட்டில் பக்கத்துல வெச்சுட்டா, அம்மா ஆபீஸ்ல இருந்தபடியே குழந்தை தூங்குதா முழிச்சுதான்னு போன்ல பாக்கலாம். அங்கேயிருந்து பேசினா இங்க கேக்கும். என் தங்கச்சி வீட்ல வெச்சிருக்காங்க."

பிரேக் சாருக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. மேல்வீட்டில் போன வருடம்தான் குழந்தை பிறந்திருந்தது. அவர்கள் வீட்டு நெட் போய்விட்டதென்று அந்தப் பையன் ஒருநாள் வாசலில் வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதும் ஞாபகம் வந்தது. மனைவி இரக்கப்பட்டு பாஸ்வேர்டைக் கொடுத்திருப்பாள். அவள் கை அப்படி.

"ரெண்டையும் கட் பண்ணுங்க. பாஸ்வேர்டையும் மாத்திடுங்க" என்றார். "அடுத்த வீட்டு நெட்ல பிள்ளை வளக்கறாங்களாம்."

"மாத்திடலாம். புதுசா என்ன போடட்டும்?"

அவர் டிரைவிங் ஸ்கூல் காரின் நம்பரைச் சொன்னார். நெட்காரர் தட்டிக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"ஒரு சந்தேகம் சார். மேல்வீடுன்னா நடுவுல காங்கிரீட் இருக்கே, சிக்னல் இவ்ளோ பலமா காட்டாது. இது பக்கத்துலயே இருக்கு. இந்தச் சுவத்துக்குப் பின்னாடி என்ன?"

"அங்க யாரும் இல்ல. நீங்க மாத்துங்க" என்றார் அவர்.

சுவருக்குப் பின்னால் இருந்தது சின்னவனின் அறை.

அவருக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் மகள், அடுத்தவன் சின்னவன். அவர் வாழ்நாளில் கற்றுக்கொடுத்தவர்களிலேயே ஒருமுறைகூட அவரை பிரேக்கைத் தொடவைக்காதவள் மகள்தான். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் தம்பியை ரயில் நிலையத்திலிருந்து அழைத்துக்கொண்டு அவள்தான் ஓட்டி வந்தாள். வளைவில் ஒரு லாரி பின்விளக்கு இல்லாமல் நின்றிருந்தது. சின்னவன் உட்கார்ந்திருந்த பக்கம் முழுக்க அதற்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரி நடைபாதையில் ஸ்ட்ரெச்சரில் நெற்றிக் கட்டோடு கிடந்த மகளைப் பார்த்து அவர் கேட்டார்: "அவனை விட்டுட்டு நீ மட்டும் எப்படி வந்தே?"

அதற்குப் பிறகு அவர் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. வெளியே போ என்றும் சொல்லவில்லை. அவள் கூடத்துக்கு வந்தால் எழுந்து பால்கனிக்குப் போவார், அவ்வளவுதான். ஒரு மாதம் பார்த்துவிட்டு, அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபுக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் போய்த் தங்கிக்கொண்டாள். பிறகு அவளுக்குக் கல்யாணம் நடந்தது. பதிவு அலுவலகத்துக்கு மனைவி மட்டும் போய்வந்தாள். அவள்தானே விட்டுவிட்டுப் போனாள் என்று அவர் தனக்குள் சொல்லிச் சொல்லி, அதை நம்பவும் ஆரம்பித்திருந்தார்.

சின்னவனின் அறைக்குள் அன்றிலிருந்து அவர் காலெடுத்து வைத்ததில்லை. இப்போது எழுந்து போய், தாழ்ப்பாள் துருவேறிப் போயிருக்கும் என்று நினைத்து அழுத்திப் பிடித்தார். அது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு திறந்தது. யாரோ எண்ணெய் விட்டிருந்தார்கள்.

உள்ளே பவுடர் வாசனை. சின்னவனின் கட்டில்மேல் ஒரு பழைய புடவையை நாலாக மடித்து விரித்து, சுற்றிலும் தலையணையால் வரப்பு கட்டியிருந்தது. ஜன்னல் கம்பியில் கட்டிய கயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. சின்னவனின் புத்தகங்கள் மேல்தட்டுக்கு ஏறிவிட்டன. கீழ்த்தட்டில் ஒரு பால்புட்டி, ஒற்றைக் காது பிய்ந்த துணி முயல், மூடியில்லாத டப்பா நிறைய கலர் கலராக பிளாஸ்டிக் வளையங்கள்.

அவருக்கு என்னென்னவோ ஒன்றோடொன்று வந்து முட்டியது. சாப்பாட்டு மேசையின் மூலைகளுக்கு மனைவி ஸ்பாஞ்சு வைத்துக் கட்டியிருந்தாள். கேட்டதற்கு, இருட்டில் இடுப்பில் இடித்துக்கொள்கிறேன் என்றாள். கரண்ட் பிளக்குகளின் ஓட்டையெல்லாம் டேப்பால் மூடியிருந்தாள். கரப்பான் வருகிறது என்றாள். கத்தரிக்கோலை அவர் கைக்கே எட்டாத உயரத்தில் வைத்திருந்தாள். இவளுக்கு வயசாகிக்கொண்டு வருகிறது என்று அவர் பாவப்பட்டிருக்கிறார்.

அப்போது அலமாரித் தட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா? இன்னும் கடைக்குக் கிளம்பலையா?"

திரும்பினார். ஒரு முட்டையளவு வெள்ளைக் கேமரா, பச்சைப் புள்ளி எரிய, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அறையில் ஆள் நடமாட்டம் தெரிந்ததும் அது மகளின் போனுக்குச் சொல்லியிருக்கிறது. அவள் வேலைக்கு நடுவில் எட்டிப் பார்த்திருக்கிறாள். அந்தக் குரலைக் கேட்டு நாலு வருடமாகிறது. கொஞ்சம் கனத்திருந்தது. மற்றபடி அதே குரல்தான்.

"அப்பா..." என்றது கேமரா.

அவர் கிட்டே போனார். எங்கே பார்த்துப் பேச வேண்டும் என்று தெரியவில்லை. அதைக் கையில் எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தால்தான் அவளுக்குக் கேட்கும் என்று தோன்றியது. எடுத்தார். வாயைத் திறந்தார். பச்சைப் புள்ளி அணைந்து, சிவப்பாக மினுக்மினுக் என்று அடிக்க ஆரம்பித்தது.

"மாத்தியாச்சு சார்!" என்று கூடத்திலிருந்து நெட்காரர் குரல் கொடுத்தார். "கேமராவும் ஒழிஞ்சுது!"

அவர் ஓடிவந்தார். பனியன் போட்ட அந்த மனிதர் ஓடுவதைப் பார்த்து நெட்காரர் எழுந்தே விட்டார்.

"போடுங்க. திரும்பப் போடுங்க அதை."

"நீங்கதானே சார் கட் பண்ணச் சொன்னீங்க?"

"தெரியாம சொல்லிட்டேன். உடனே போடுங்க!"

"பழைய பாஸ்வேர்டு என்னன்னு சொல்லுங்க, அதையே போட்டா தன்னால வந்து ஒட்டிக்கும்."

பழைய பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாது. ரவுட்டர் வந்த நாளில் சின்னவன்தான் எதையோ வைத்து, எல்லோர் போனிலும் அவனே அடித்துக் கொடுத்தான். இந்த வீட்டில் அவன் செய்துவிட்டுப்போய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதையும் இப்போது மாற்றியாகிவிட்டது. நெட்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, "எதுனாலும் போன் பண்ணுங்க சார்" என்று தயங்கித் தயங்கி இறங்கிப் போனார்.

மனைவி வரும்போது அவர் சின்னவன் கட்டிலில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. இரண்டு மாடி ஓடி ஏறியிருந்தாள்.

"என்ன பண்ணீங்க அவளை?"

"நான் ஒண்ணும்..."

"மார்க்கெட்டுல நிக்கறேன், போன் மேல போன். அழறா. அப்பா கேமராவைப் பிடுங்கிப் போட்டு உடைச்சுட்டார்னு அழறா."

"உடைக்கலம்மா. இதோ இருக்கு பாரு." குழந்தை திருடிய பொம்மையைக் காட்டுவதுபோல அதைக் காட்டினார். "மேல்வீட்டுக்காரன்னு நினைச்சேன். நெட்டுக்காரர் மாத்திட்டிருந்தார். அந்த நேரம் பாத்து..."

அவள் பையை இறக்கினாள். உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"பொறந்த நாலாவது மாசத்துலேருந்து. இப்ப நடக்கறா. லேபுக்குப் போறப்ப விட்டுட்டுப் போவா, சாயங்காலம் மாப்பிள்ளை வந்து தூக்கிட்டுப் போவார். செவ்வாய்க்கிழமை மட்டும் அவர் லீவு போட்டுப் பாத்துக்குவார். நீங்க வீட்ல இருப்பீங்களே."

"பொண்ணா?"

"பொண்ணு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அவ பேரை எடுத்தாலே எழுந்து பால்கனிக்குப் போயிடறீங்க. பால்கனிகிட்டயா சொல்லுவேன்?"

அவர் கட்டிலைத் தடவினார். "இவன் ரூம்லயா வெச்சிருந்தே?"

"வேற எங்க வெக்கிறது? இந்த வீட்லயே நீங்க வராத இடம் இது ஒண்ணுதானே." அவள் குரல் உடைந்தது. "மூணு வருஷம் இந்த ரூம்ல நான் தனியா அழுதேங்க. நீங்க ஒரு நாள் வந்து பக்கத்துல உட்காரல. அப்புறம் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து இங்க படுக்க வெச்சேன். அது தூங்கறப்ப நானும் பக்கத்துல படுத்துத் தூங்கினேன். அது தப்பா?"

அவர் தலையை ஆட்டினார். தப்பில்லை என்றா, வேறெதற்கா என்று அவளுக்கு விளங்கவில்லை.

"அவளைக் கூப்பிடு. நான் கேமராவை உடைக்கலைன்னு சொல்லு."

கூப்பிட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். எதிர்முனையில் நிறைய நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மகள் "சரிம்மா" என்றாள். "நாளைக்குக் குழந்தையைக் கொண்டுவரியா?" என்றதற்கு, "வேணாம்மா. போதும். அவரை அந்த ரூம்ல பாத்ததுலேருந்து எனக்கு லேப்ல ஒரு வேலையும் ஓடல" என்றாள். அவர் கையை நீட்டினார். மனைவி போனைக் கொடுத்தாள். நாலு வருடமாக நெஞ்சுக்குள் என்னென்ன இருந்ததோ, காதில் வைத்ததும் அவர் வாயில் வந்தது, "ஹலோ."

யாரோ தெரியாதவர்களிடம் சொல்கிற ஹலோ. மகளின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு போன் கட்டாகி அதுவும் நின்றது.

மறுநாளிலிருந்து மனைவி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி மகள் வீட்டுக்குப் போய் அங்கேயே பேத்தியைப் பார்த்துக்கொண்டாள். பழைய பாஸ்வேர்டு அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அம்மா பசிக்குது. அதை இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தான் சின்னவன். பிரேக் சார் அதைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். நெட்காரருக்குப் போன் போட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுத்துக் கூட்டி அதை மறுபடி போட்டார். கேமரா பச்சைக்கு வந்தது.

அதன்பிறகு தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அந்த அறைக்குப் போய் அதன்முன் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொள்வார். "மேல்வீட்டுக்காரன்னு நினைச்சுதான் சொன்னேன். சிக்னல் பலமா இருக்குன்னு அவர் சொன்னார், நான்தான் காதுல வாங்கல" என்று விளக்குவார். மழை வரும்போலிருக்கிறது, பிள்ளைக்குக் காதை மூடு என்பார். சட்டை ரெண்டும் காஞ்சுடுச்சு, மடிச்சு வெச்சிருக்கேன் என்பார். ஒருநாள் செருப்பைத் தேடி வந்த மனைவி வாசலில் நின்று கேட்டுவிட்டாள்.

"யார்கிட்ட பேசறீங்க?"

"அவகிட்டதான்."

"அவ அன்னிக்கே கேமராவைத் தன் போன்லேருந்து எடுத்துட்டாங்க" என்றாள். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்கே தோன்றியது. அவர் பரவாயில்லை என்கிற மாதிரி கையசைத்துவிட்டு எழுந்தார்.

கீழே வாட்ச்மேன் அவரைப் பார்த்ததும் கேட்டார். "என்ன சார், பேத்தி வரதே இல்ல இப்பல்லாம்?"

ஆக, கட்டடத்துக்கே தெரிந்திருக்கிறது. அவர் ஒரு நொடி தடுமாறி, "கொஞ்சம் சளி" என்றார். பிறகு அங்கேயே நின்றார். கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு, போகிறபோக்கில் கேட்பதுபோல, "உங்ககிட்ட ரொம்ப வம்பு பண்ணுவாளோ?" என்றார்.

"ஐயோ, வந்ததும் என் தொப்பியைப் பிடுங்கினாத்தான் மேல போகும்! அம்மா தூக்க வந்தா வராது, ஒவ்வொரு படியா தானேதான் ஏறணும். நடுவுல உட்கார்ந்து ஒரு ரெஸ்ட். கையைத் தட்டி நம்மளைக் கூப்பிடும் சார், முதலாளி மாதிரி."

"ஆமா ஆமா, அப்படித்தான்" என்று சிரித்தார் பிரேக் சார். அன்றைக்கு முதல் வகுப்புக்கு அவர் தாமதமாகத்தான் போனார்.

அந்த வாரக் கடைசியில் மனைவி இன்னொன்றையும் சொன்னாள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே மெஷின் சர்வீஸ் பார்க்கிறவர். வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது. ரயிலில் ஒரு ராத்திரி, ஒரு பகல் போகவேண்டிய தூரம். மாதக் கடைசியில் கிளம்புகிறார்கள்.

"இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். போறவரைக்கும் இங்க கொண்டுவந்து விடறேன்னு சொல்லியிருந்தா." அவள் அவரைப் பார்க்காமல் சொன்னாள். "நம்ம வீட்ல இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்னு நினைச்சிட்டிருந்தேன். அதுவும் போச்சு."

அடுத்த செவ்வாய் அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினார். வரவா என்று கேட்கவில்லை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாவது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து உதட்டை அசைத்து எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சாமான் கட்ட லேபுக்கு லீவு போட்டிருந்த மகள்தான் கதவைத் திறந்தாள். நெற்றியில் புருவத்துக்கு மேலே தழும்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. முகம் அவள் அம்மாவின் முகமாக மாறிவிட்டிருந்தது. அவரைப் பார்த்து ஒரு கணம் நின்றாள்.

"வாங்கப்பா" என்றாள்.

வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். அவற்றின் நடுவில் ஒரு சின்ன உருவம் கரண்டியால் ஒரு பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தது. அவரை மேலும் கீழும் பார்த்தது. பிறகு பாட்டியைக் கண்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு, தத்தக்கா பித்தக்கா என்று அவரைத் தாண்டி ஓடி அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டது. அவர் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மகள் உட்கார்ந்து ஒரு பெட்டிக்கு டேப் ஒட்ட ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான்..." என்று தொடங்கினார்.

"சொல்லாதீங்கப்பா. எனக்கு அது எழுத்து பிசகாம ஞாபகம் இருக்கு. உங்க வாயால இன்னொரு தரம் கேக்க வேணாம்."

"தப்பும்மா அது."

"நீங்க கேட்டது எனக்குப் புதுசு இல்லப்பா. கண்ணு முழிச்சதும் நானே என்னைக் கேட்டுக்கிட்டது அதைத்தான்." அவள் டேப்பைக் கிழிக்கத் தொடங்கி நுனியைத் தொலைத்துவிட்டு நகத்தால் தேடினாள். "ஸ்ட்ரெச்சர்ல படுத்துட்டு உங்களுக்காகத்தான் காத்திட்டிருந்தேன். அப்பா வருவார், உன் மேல தப்பில்லம்மான்னு சொல்லுவார். போலீஸ் சொன்னா நான் நம்பமாட்டேன், ஓட்டக் கத்துக்குடுத்தவர் சொன்னா நம்பிடுவேன்னு நினைச்சுட்டே படுத்திருந்தேன்."

"உன் மேல தப்பில்லம்மா" என்றார்.

"இப்ப சொல்றீங்க."

"இல்லம்மா, நிஜமா. எனக்குத் தெரியும்." அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் அவர் அதைச் சொன்னார். "மறுநாள் காலையில நான் அந்த வளைவுக்குப் போனேன். தனியா. டயர் தடம் இருந்துது ரோட்டுல. நடந்து நடந்து பாத்தேன். நீ சரியான இடத்துல பிரேக் போட்டிருக்கே, சரியான பக்கம் ஒடிச்சிருக்கே. நான் ஓட்டியிருந்தாலும் அவ்ளோதான் முடிஞ்சிருக்கும். அதுக்கு மேல ஒருத்தராலயும்..."

டேப் தேடிய விரல் நின்றுவிட்டது.

"மறுநாளேவா?" என்றாள்.

அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மறுநாளே உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா நாலு வருஷம் எழுந்து எழுந்து பால்கனிக்குப் போனீங்க?"

"உன் முகத்தைப் பாத்தா அவன் ஞாபகம்தான் வந்துதும்மா. வேற யார் மேலயாவது போட்டாத்தான் என்னால மூச்சு விட முடிஞ்சுது. உன் மேல போட்டேன்."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு. அவர் எழுந்து அவள் தலையில் கைவைக்கப் போனார். அவள் தலையை நகர்த்திக்கொள்ளவில்லை, ஆனால் அவர் கை அங்கே நிற்கவும் இல்லை. சமையலறை வாசலில் குழந்தையோடு மனைவி நின்றிருந்தாள். குழந்தை அம்மா அழுவதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

"நீங்க கிளம்புங்கப்பா" என்றாள் மகள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "கோவத்துல சொல்லல. எனக்கு இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியல இப்ப. நாலு வருஷத்துக்கு முன்னாடி குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று, "தொப்பி பிடிக்குமாம் இவளுக்கு" என்றார். தனியாக இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

மாதக் கடைசியில் அவர்கள் கிளம்பினார்கள். ரயிலடிக்கு மனைவி மட்டும் போனாள். அவர் அன்றைக்கு அடுத்தடுத்து வகுப்பு எடுத்தார். ஒரு முறைகூடக் கத்தவில்லை. "உடம்பு சரியில்லையா சார்?" என்று கற்றுக்கொள்ள வந்த பெண் கேட்டாள்.

இப்போது மகள் சாயங்காலங்களில் வீடியோவில் கூப்பிடுகிறாள். மனைவி சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுகிறாள். அவர் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்து மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்து பார்த்தால் போனின் முதுகு மட்டும்தான் தெரியும். மனைவி ஒருமுறை அதை அவர் பக்கம் திருப்பப் பார்த்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவளாகக் கேட்கட்டும் என்றார்.

நேற்று பேச்சு முடிகிற சமயத்தில் மகள் குரல் கொஞ்சம் தணிந்தது. "அம்மா, அப்பா அங்க இருக்காரா?"

"இருக்கார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முட்டி வலின்னியே, எப்படி இருக்காம்?"

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் கை முட்டிக்குப் போனது. "பரவாயில்லையாம்" என்றாள் அவளே.

"சரிம்மா. வெக்கிறேன்."

மனைவி போனை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"பாக்க எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"இளைச்சிருக்கா. சின்னதுக்குக் கடைவாய்ப்பல்லு வருதாம். ராத்திரி தூங்க விடறதில்லையாம்."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்" என்றாள் மனைவி, விளக்கைப் போட எழுந்துகொண்டே.